அம்மிக்கல் முதல் வாஷிங் மெஷின் டிரம் வரை: பழைய வீட்டுச் சாமான்களால் தோட்டத்தை அழகாக்க முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸில் அம்மிக்கல்லை ரோஷ் காரி என்பார்கள். அதன் மேல் உருளும் குழவிக்குப் பெயர் பாபா. கிரியோல் மொழியில் பாபா என்றால் கைக்குழந்தை. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி ரோஸ்ஹில்லுக்கு வந்த புதிதில், "பாபாவைக் கீழே போட்டுடாதே பெண்ணே" என்று என் மாமியார் சொன்னபோது ஒரு கணம் திகைத்துத்தான் போனேன். பிறகு யோசித்தால், நம் தமிழிலும் குழவி என்றால் குழந்தைதானே! கடல் கடந்து வந்து, பேச்சு மாறி, பெயர் மாறிய பிறகும் அந்தக் கல் குழந்தையாகவே இருக்கிறது.

மிக்ஸி வந்ததும் அந்த அம்மி பின்கட்டுச் சுவரோரம் ஒதுங்கியது. அதன் மேல் உடைந்த வாளி, அதன் மேல் கிழிந்த பாய் என்று ஏறிக்கொண்டே போனது. வீட்டை நீட்டிக் கட்டியபோது கொத்தனார், "மதாம், இதையெல்லாம் லாரியில் ஏற்றிவிடவா?" என்று கேட்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. போய் அந்தக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்று சாயந்திரம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, சாக்கில் வைத்து இழுத்து, கறிவேப்பிலை மரத்தடியில் அம்மியைப் போட்டோம். எங்கள் லாக்கூரில் (முற்றத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பழைய சாமான்கள் தோட்டமானது அங்கிருந்துதான்.

அதற்குப் பிறகு பல வருஷமாகச் செய்து பார்த்து, சிலதைக் கெடுத்து, சிலதைத் திருத்திக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்று. தோட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு பழைய பொருளுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். செடியைத் தாங்கலாம், பறவைக்குத் தண்ணீர் வைக்கலாம், கொடிக்குப் பிடிமானம் தரலாம், உட்கார இடம் ஆகலாம். வேலை எதுவும் இல்லாமல் 'அழகாக இருக்கட்டும்' என்று வைத்தது ஆறே மாதத்தில் துருவேறிக் குப்பையாகிவிடும். வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தாரும் அதைக் குப்பையாகத்தான் பார்ப்பார்கள், அவர்கள் பார்ப்பதும் சரிதான்.

படி 1: எப்போது தொடங்குவது, எங்கே தேடுவது

இங்கே புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே நடுவில் முடியும். அதனால் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும்தான் இந்த வேலைக்கு நல்ல காலம். மழை குறைவு, பெயின்ட் ஒழுங்காகக் காயும், வெயிலில் நின்று துளை போட்டாலும் தலை சுற்றாது. சேகரிப்பதை மட்டும் அதற்கு முன்பே தொடங்கலாம். வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் வீடு ஒழிக்கும்போது எத்தனையோ நல்ல சாமான்கள் தெருவோரம் வந்து நிற்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காமல் எடுக்காதீர்கள். வயதானவர்கள் வீட்டில், "உங்கள் பழைய தேக்சா எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பார்கள், கூடவே அதில் எத்தனை பேருக்கு எந்தக் கல்யாணத்தில் ஏழு கறி சமைத்தார்கள் என்ற கதையும் சேர்ந்து வரும்.

இந்த ஊரில் எதைத் தேடலாம்? அம்மி, துவைக்கல், அலுமினிய தேக்சா, இரும்புக் கடாய், எனாமல் பேசின், தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால், பழைய மரக்கதவு. 1960இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து இரண்டு புயல் அடித்து மரவீடுகளும் தகரக் கூரைகளும் நாசமான பிறகுதான் தீவு முழுக்க கான்க்ரீட் வீடு பெருகியது. தப்பிப் பிழைத்த மரவீடுகளை இன்று இடிக்கும்போது ஜன்னல் கதவுகளும், கூரை விளிம்பில் பூவேலை செய்து தொங்கவிட்டிருக்கும் லாம்ப்ரெக்கன் பட்டைகளும் கிடைக்கும். அவை கிடைத்தால் விடாதீர்கள்.

படி 2: வாசலிலேயே நிறுத்த வேண்டியவை

எதுவும் வீணாகக்கூடாது என்ற ஆசையில் இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்.

பழைய குடியிருப்புத் திட்ட வீடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருக்கிறது. அதன் துண்டை வரப்பு கட்டக்கூட எடுக்காதீர்கள். அறுத்தாலும் உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். பழைய ஃபிரிட்ஜை நீங்களே வெட்டக்கூடாது, குழாய்க்குள் வாயு இருக்கிறது. கார் பேட்டரி, ட்யூப் லைட், பூச்சிமருந்து டப்பா மூன்றும் கூடாது. கருப்பு எண்ணெய் ஊறிய ரயில் கட்டைகளைக் கீரைப் பாத்தி ஓரத்தில் வைக்காதீர்கள்.

பழைய மரக்கதவின் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உரிந்து வருகிறதே என்று உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகள் விளையாடும் மண்ணில் விழும். ஈரத்துணியால் துடைத்து, தளர்ந்து நிற்பதைத் தண்ணீர் தெளித்து நனைத்தபடியே சுரண்டி, காகிதத்தில் பொதிந்து அப்புறப்படுத்திவிட்டு, மேலே புதுப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். அந்தக் கதவின் அடியில் கீரை, மல்லி எதுவும் வேண்டாம், பூச்செடி போதும்.

டயரை நான் சேர்ப்பதில்லை. எப்படிச் சாய்த்து வைத்தாலும் ஏதாவது ஒரு மடிப்பில் தண்ணீர் தேங்கிவிடுகிறது. கூரைத் தகரத்தையும் சேர்ப்பதில்லை. புயல் காற்றில் பறக்கும் தகரம் கத்திக்குச் சமம்.

சாமி சம்பந்தப்பட்டவை வேறு விஷயம். பின்னமான படம், உடைந்த விளக்கு இவற்றைத் தோட்ட அலங்காரமாக்குவது எனக்குச் சம்மதமில்லை. அம்மியும் கல்யாணத்தில் மணப்பெண் கால் வைத்த கல் என்பதால், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டே வெளியே கொண்டுவாருங்கள்.

படி 3: ஒரு நாள் முழுக்க வெயிலைப் பாருங்கள்

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் வந்தவர்கள் இங்கே முதலில் தடுமாறுவது திசையில்தான். இது பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 20 பாகையில் இருக்கும் தீவு. குளிர்காலத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். வடக்குச் சுவர் வெயில் காயும், தெற்குச் சுவர் நிழலில் பாசி பிடிக்கும். நான் வந்த வருஷம் ஊர்ப்பழக்கத்தில் தெற்குப் பக்கம் செவ்வந்தி வைத்துவிட்டு, ஏன் பூக்கவில்லை என்று மூன்று மாதம் உரம் போட்டுக்கொண்டிருந்தேன். தெற்குப் பக்கம் ஆந்தூரியத்துக்கும் பெரணிக்கும் உரியது. செவ்வந்தி, துளசி, மிளகாய் எல்லாம் வடக்கு, கிழக்கு.

காற்று வருஷத்தில் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வீசும். கிழக்கு, தெற்குக் கரையில் இருப்பவர்களுக்கு அந்தக் காற்று உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். அங்கே இரும்புச் சாமான் சீக்கிரம் தின்னப்பட்டுவிடும். கல், மண், மரம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூர்ப்பிப் பக்கம் மழை மிக அதிகம், அங்கே எந்தப் பாத்திரத்துக்கும் இரண்டு மடங்கு துளை வேண்டும்.

படி 4: கழுவுவதும் துருவை நிறுத்துவதும்

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் நிற்காது. சுடுதண்ணீரும் பாத்திர சோப்பும் போட்டு இரண்டு முறை கழுவி முழுதாகக் காயவிடுங்கள். லேசான துருவுக்குச் சமையல் வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் கம்பி பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். துடைக்காமல் விட்டால் மத்தியானத்துக்குள் மறுபடி செம்மை பூத்துவிடும்.

காய்ந்ததும் அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், மறுநாள் எனாமல் பெயின்ட், அதற்கு மறுநாள் இன்னொரு கோட். துத்தநாகம் பூசிய வாளியில் சாதாரண பெயின்ட் உரிந்துவிடும், அதற்கென்று விற்கும் பிரைமர் கேட்டு வாங்க வேண்டும். பாத்திரத்தின் அடிப்பாகத்தை மறக்காதீர்கள், துரு தொடங்குவது அங்கேதான்.

நிறத்தைப் பற்றி ஒரு பேச்சு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொன்றுக்கு ஒன்று அடித்தால் தோட்டம் சந்தை மாதிரி ஆகிவிடும். முற்றம் முழுக்க இரண்டு நிறம் போதும். நாங்கள் எடுத்துக்கொண்டது பழைய கிரியோல் வீட்டு ஜன்னல் பச்சையும் சுண்ணாம்பு வெள்ளையும். தேக்சா, கதவு, தையல் மெஷின் கால் மூன்றும் ஒரே பச்சையில் நின்றபோதுதான் அவை ஒரே வீட்டுச் சாமான்களாகத் தெரிந்தன.

படி 5: துளை

இந்த வேலையில் பாதி வெற்றி துளையில் இருக்கிறது. என் முதல் துளசியை எனாமல் பேசினில் வைத்தேன். அழகைக் கெடுக்க மனமில்லாமல் துளை போடவில்லை. கூழாங்கல் கொஞ்சம் அடியில் போட்டேன், தண்ணீர் அதற்குள் இறங்கி நிற்கும் என்ற நம்பிக்கை. இருபது நாளில் துளசி கறுத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது, சாக்கடை வாடை.

அடியில் கல் போட்டால் வடியும் என்று பலரும் சொல்வார்கள். நடப்பது வேறு. நுண்ணிய மண்ணில் ஏறிய தண்ணீர், கீழே பெரிய இடைவெளியுள்ள கல் அடுக்கு வந்ததும் எளிதில் அதற்குள் இறங்காது. மண்ணின் அடிப்பகுதியிலேயே ஈரமாகத் தங்கிவிடும். கல் போடப் போட அந்த ஈர மண் வேருக்குப் பக்கத்தில் ஏறி வருகிறது. ஆகவே கல் அடுக்கு வேண்டாம். துளைகளின் மேல் ஒரு துண்டு நைலான் வலையோ தேங்காய் நாரோ வைத்தால் போதும், மண் சரியாது.

ஓர் அடி அகலப் பாத்திரத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டரில் ஐந்தாறு துளை வேண்டும். அலுமினிய தேக்சாவைக் கவிழ்த்து, உள்ளே ஒரு மரக்கட்டை கொடுத்து, முதலில் ஆணியால் லேசாகத் தட்டிக் குழி செய்யுங்கள். குழி இல்லாவிட்டால் ட்ரில் பிட் வழுக்கி ஓடும். பிறகு சின்ன பிட்டில் தொடங்கிப் பெரிய பிட்டுக்குப் போங்கள். அத்தை அன்று தேக்சாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் துளை விழுந்து சுருள் சுருளாக வெள்ளித்தூள் உதிர்ந்தபோது, "இதில்தான் உன் வீட்டுக்காரன் பெயர் சூட்டலுக்குப் பாயசம் வைத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் ட்ரில்லை நிறுத்திவிட்டேன். அவரே, "போடு, போடு, செடியாவது வளரட்டும்" என்று தள்ளிக் கொடுத்தார்.

இரும்புக் கடாய்க்கு வேகம் குறைத்து, துளை போடும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். எனாமல் பாத்திரத்தில் துளை இடும் இடத்தில் இரு பக்கமும் டேப் ஒட்டினால் பூச்சு சிதறுவது குறையும். சிதறிய விளிம்புக்குப் பெயின்ட் வையுங்கள். பீங்கானுக்கு அதற்கான பிட் தனி, சுத்தியல் அசைவை அணைத்துவிட்டு, தண்ணீர் சொட்டவிட்டபடி மெதுவாக. எதைத் துளைத்தாலும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அம்மியைத் துளைக்காதீர்கள்.

படி 6: மண்

மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. கடல் மணல் வேண்டாம். பவளம் நொறுங்கிய மணல் மண்ணின் புளிப்பை மாற்றிவிடும், அதோடு லகூனிலிருந்து (கரைக்கும் பவளத் திட்டுக்கும் நடுவில் உள்ள ஆழமில்லாத கடலிலிருந்து) மணல் அள்ளுவது 2001இலேயே நிறுத்தப்பட்டது. கட்டுமானக் கடையில் கிடைக்கும் ராக்சேண்டை, அதாவது கருங்கல்லை நொறுக்கிச் செய்த மணலைச் சலித்து, தூளை நீக்கிவிட்டுப் பருமனாக நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மூடாக்குக்குக் கரும்புச் சோகையை விட நல்லது இந்தத் தீவில் இல்லை.

மழை மிகுந்த மேட்டுப் பகுதி மண்ணில் புளிப்பு அதிகம். அதில் அலுமினியம் கரையக்கூடும் என்பதால் தேக்சாவில் பூச்செடிதான் வைக்கிறேன். சாப்பிடும் இலை, கிழங்கு எல்லாம் மண்சட்டியிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும்.

படி 7: எதை எங்கே, எதற்காக

அம்மியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு தலைமுறை அரைத்ததில் எங்கள் கல்லின் நடுவில் ஒரு விரல்கடை ஆழம் தேய்ந்திருந்தது. அந்த ஆழம் சின்னப் பறவைக்குக் கச்சிதம், முழுகும் பயமில்லை, கருங்கல்லின் சொரசொரப்பில் கால் வழுக்காது. கறிவேப்பிலை மரத்தடியில், பூனை ஒளிந்திருக்கப் புதர் இல்லாத இடமாகப் பார்த்து, நாலு கல்லின் மேல் தூக்கி வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் கொந்தே வந்தது. நம் ஊர்ச் செம்மீசைச் சின்னான்தான் அது, 1892இல் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. கொந்தே என்று கேட்டதும் எனக்குக் கொண்டைதான் நினைவுக்கு வந்தது. தலையில் அந்தக் கறுப்புக் கொண்டையை நனைத்துச் சிலிர்த்துக்கொண்டு, குழவி மேல் ஏறி உட்கார்ந்து இறகு கோதியது. பாபாவை அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம், பிரிக்கவில்லை.

துவைக்கல்லுக்குச் சரிவு இருக்கிறது. குழாயடியில் அப்படியே விட்டு, அதன் மேல் நாற்றுச் சட்டிகளை வரிசையாக வைத்தால், ஊற்றிய தண்ணீர் தானாக வழிந்து கீழே இருக்கும் சேம்புக்குப் போகும். இவ்வளவு பொருத்தமான மேடையை யாரும் புதிதாகக் கட்டித் தர முடியாது.

தையல் மெஷின் கால் வார்ப்பிரும்பு. கனமாக இருந்தாலும் அடித்தால் விரிசல் விடும், விரிந்ததை ஒட்டுவது கடினம். ஆகவே சுத்தியல் பக்கம் போகாமல் கம்பி பிரஷால் மட்டும் தேயுங்கள். மேலே பழைய மரப்பலகை மழையில் ஊதிப்போகும், அதை எடுத்துவிட்டுக் கருங்கல் பலகை போட்டால் சட்டி வைக்கவோ காப்பித் தம்ளர் வைக்கவோ நல்ல மேசை. மிதிபலகையையும் சக்கரத்தையும் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பேரக்குழந்தைகள் மிதித்துப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள், விரல் மாட்டிக்கொள்ளும்.

வாஷிங் மெஷின் டிரம்மில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் துளை இருப்பதால் ட்ரில் வேலையே இல்லை. உள்ளே நிழல்வலையோ சாக்கோ விரித்து மஞ்சள், இஞ்சி நடுங்கள். அறுவடை நாளில் அப்படியே கவிழ்த்துவிடலாம், மண்வெட்டி பட்டுக் கிழங்கு வெட்டுப்படாது.

கதவைச் சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள். நாலு விரற்கடை இடைவெளி விட்டு, சுவரில் போல்ட் போட்டு முடுக்கி, அடியில் கல் கொடுத்து நிறுத்துங்கள். மண்ணைத் தொட்டால் கரையான் ஏறும். சங்குப்பூ ஏற்றினால் இரண்டே மாதத்தில் நீலக்கதவு.

தொங்கவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஈரமண் ஒரு லிட்டர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதை நினைவில் வைத்து, இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் பிடிக்கும் எதையும் தொங்கவிடாதீர்கள். இட்லித் தட்டு தொங்கவிடப் பொருத்தமானது, துளையும் உண்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்னக் கள்ளிச்செடி உட்காரும்.

வைத்து முடித்ததும் சமையலறை ஜன்னலில் நின்று பாருங்கள், பிறகு வாசலில் நின்று பாருங்கள். ஒரு பார்வையில் ஒரு பழைய பொருள்தான் கண்ணைப் பிடிக்க வேண்டும். இரண்டு சண்டை போட்டால் ஒன்றை நகர்த்துங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வைக்காமல், ஒரு மாதத்துக்கு இரண்டு மூன்று என்று போனால் எது நிலைக்கும் என்பது தெரிந்துவிடும்.

படி 8: தண்ணீரும் கொசுவும்

2005, 2006இல் இந்தத் தீவுகளைச் சிக்குன்குனியா புரட்டிப் போட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. அத்தைக்கு மாதக்கணக்கில் விரல் மடங்கவில்லை. அதைப் பரப்பும் கொசு, மூடியளவு தண்ணீரிலும் முட்டையிடும். வெப்ப நாளில் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் அம்மிக்குழித் தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன், வாரம் இரண்டு முறை தேங்காய் நாரால் விளிம்போடு தேய்க்கிறேன். சட்டிக்கு அடித்தட்டு வைப்பதை அடியோடு விட்டுவிட்டேன். ஞாயிறு காலை ஒருமுறை சுற்றிவந்து, கவிழ்ந்த மூடி, தையல் மெஷின் காலின் குழிவு, கதவின் தாழ்ப்பாள் குழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

படி 9: புயலுக்கு முன்

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது, சுவரில் அழகாக அடுக்கி மாட்டியிருந்த பாத்திர மூடிகளைக் கழற்ற மறந்துவிட்டோம். இரவு முழுக்க அவை சுவரில் அறைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தது. நல்லவேளை, அந்த அறையில் யாரும் படுத்திருக்கவில்லை. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டு, கண்ணாடி போட்டுக் கொடுத்தோம்.

அதன் பிறகு சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வானிலை நிலையம் முதல் வகுப்பு எச்சரிக்கை (புயல் எச்சரிக்கையின் முதல் கட்டம்) கொடுத்ததும் செய்ய வேண்டியவை அதில் வரிசையாக இருக்கின்றன. முதலில் தொங்குவன எல்லாம் இறங்கும்: இட்லித் தட்டு, மூடி, கரண்டிக் கொத்து. அடுத்து ஒருவர் தூக்கக்கூடிய சட்டிகள் வீட்டுக்குள், பெரியவை சுவரோரம் நெருக்கி, உயரமான செடியுள்ளவற்றைப் படுக்க வைத்து. தையல் மெஷின் மேசையின் கல் தரைக்கு வரும். கதவின் போல்ட்டைச் சாவி போட்டு இறுக்கிப் பார்த்து, கொடியைப் பாதியாக வெட்டிவிட வேண்டும், இலை அடர்ந்த கொடி காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. எங்கள் மூன்று பேருக்கும் சேர்ந்து 40 நிமிஷ வேலை. 40 நிமிஷத்தில் முடியாத அளவுக்குச் சாமான் சேர்ந்தால், அடுத்த குளிர்காலத்தில் சிலதை எடுத்துவிடுகிறோம்.

அம்மியை மட்டும் நகர்த்துவதில்லை. புயல் அடங்கிய காலையில் அதன் மேல் விழுந்து கிடக்கும் கறிவேப்பிலையை அத்தை கூடையில் அள்ளுவார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசோம், ரசத்துக்கு இங்கே சொல்லும் பெயர். நான் கல்லைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பாபாவை அதன் பக்கத்தில் நேராக வைப்பேன்.